கார்ல் ஔவர் ஃபொன் வெல்ஸ்பாக்

கார்ல் ஔவர் ஃபொன் வெல்ஸ்பாக் (செப்டம்பர் 1, 1858 - ஆகஸ்ட் 4, 1929) ஆஸ்திரிய நாட்டு வேதியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பிரசியோடைமியம், நியோடைமியம் ஆகிய தனிமங்களை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் இவரே. எரிவளி விளக்குகளிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளிலும் ஒளிரும் மேண்டிலை உருவாக்கியவரும், லைட்டர்களில் பயன்படும் தீக்கல்லைக் கண்டறிந்தவரும் இவரே. லைட்டர் தீக்கல் உண்மையில் கல் அன்று. சீரியமும் இரும்பும் சேர்ந்த ஒரு கலப்புலோகம். அருமண் தனிமங்களை மற்றோர் உலோகத்துடன் கலந்து பயன்படுத்தும் தொழில் இதிலிருந்தே தொடங்கியது எனலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இவருடைய வரலாறு மற்றொரு காரணத்தாலும் நெருக்கமானது. இவர் கண்டுபிடித்த மேண்டிலுக்குத் தேவைப்பட்ட தோரியத்தைத் தேடியே ஐரோப்பியர் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்தனர். அங்குள்ள மணல் ஆலையின் தொடக்கம் இவ்விளக்கின் வணிகத்தோடு பிணைந்தது.

இளமையும் கல்வியும்

கார்ல் ஔவர் வியன்னா நகரில் பிறந்தார். தந்தை அலோயிஸ் ஔவர் ஆஸ்திரியப் பேரரசின் அரசு அச்சகத்தின் இயக்குநராக இருந்தவர். இலை, பூ போன்ற இயற்கைப் பொருள்களையே அச்சுப் படிவமாக்கிப் படம் எடுக்கும் முறையை வளர்த்தவர். அவருடைய பணிக்காகப் பேரரசர் 1860இல் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். குடும்பப் பெயருடன் ஃபொன் வெல்ஸ்பாக் என்பது சேர்ந்தது அப்போதுதான். தந்தையார் 1869இல் காலமானபோது கார்லுக்குப் பதினொரு வயதுகூட நிரம்பவில்லை.

பள்ளிப் படிப்புக்குப் பின் சிறிது காலம் படையில் பணியாற்றிய கார்ல், 1878 முதல் வியன்னாவில் வேதியியல் பயின்றார். 1880இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் புன்சனின் மாணவரானார். புன்சன் அடுப்பு என்னும் பெயரால் நம் பள்ளி ஆய்வகங்களில் இன்றும் அறியப்படும் அதே புன்சன்தான் அவர். தனிமங்கள் சுடரில் வெளிவிடும் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றை அடையாளம் காணும் நிறமாலை ஆய்வு முறையைக் கிர்க்காஃபுடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. அருமண் தனிமங்கள் வேதிப் பண்புகளில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், நிறமாலை இல்லாமல் அவற்றை வேறுபடுத்துவது ஏறக்குறைய இயலாது. ஔவரின் பிற்கால வெற்றிகள் அனைத்துக்கும் இந்தக் கருவியும் இந்த அடுப்பும் அடிப்படையாக அமைந்தன. 1882இல் முனைவர் பட்டம் பெற்று வியன்னா திரும்பிய அவர், அடோல்ஃப் லீபனின் ஆய்வகத்தில் ஊதியமின்றித் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

இரட்டைத் தனிமத்தைப் பிரித்தல்

1841இல் மொசாந்தர் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் டிடைமியம் என்றொரு தனிமத்தைக் கண்டறிந்ததாக அறிவித்திருந்தார். கிரேக்க மொழியில் இரட்டையர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இலாந்தனத்தின் இரட்டைப் பிறவி என்னும் கருத்தில் அப்பெயர் இடப்பட்டது. டிடைமியம் ஒரே தனிமம்தானா என்ற ஐயம் நாளடைவில் எழுந்தது.

ஔவர் டிடைமியத்தை அம்மோனியம் நைட்ரேட்டுடன் இரட்டை உப்பாக்கி, கரைத்து, படிகமாக்கி, மீண்டும் கரைத்துப் படிகமாக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் மாற்றம் மிக நுண்ணியது. பலமுறை செய்த பிறகே ஒரு முனையில் பச்சை உப்பும் மறுமுனையில் இளஞ்சிவப்பு உப்பும் திரண்டன. 1885ஆம் ஆண்டு சூன் மாதம் வியன்னா அறிவியல் கழகத்தில் இம்முடிவை வெளியிட்டார். பச்சை உப்பு தரும் தனிமம் பிரசியோடைமியம் (பச்சை இரட்டை), மற்றது நியோடைமியம் (புதிய இரட்டை) என்று பெயர் பெற்றன. அப்போது அவருக்கு வயது 26. இவ்விரு தனிமங்களால் உடனடிப் பயன் ஏதும் இருக்கவில்லை.

மேண்டில் விளக்கு

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் நிலக்கரி வளியால் ஒளி பெற்றன. அந்தச் சுடர் மஞ்சளாகவும் மங்கலாகவும் இருந்தது. அருமண் உப்புகளைப் பிளாட்டினக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டிச் சோதிக்கும்போது அவை பளிச்சென்று ஒளிர்வதை ஔவர் கவனித்தார். ஒளிரும் பரப்பைக் கூட்டப் பருத்தி நூலை உப்புக் கரைசலில் நனைத்து எரித்துப் பார்த்தார். பருத்தி எரிந்து போனது. ஆனால் நூலின் வடிவம் சிதையாமல் ஆக்சைடு எலும்புக்கூடாக நின்று ஒளி வீசியது. மேண்டில் பிறந்தது இவ்வாறுதான்.

1885இல் காப்புரிமை பெற்ற முதல் மேண்டிலில் மக்னீசியம், இலாந்தனம், இட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இருந்தன. ஒளி பச்சை நிறம் கலந்து இருந்தது. மேண்டிலும் எளிதில் உடைந்தது. 1887இல் வியன்னாவுக்கு அருகில் உள்ள அட்ஸ்கர்ஸ்டோர்ஃபில் ஓர் ஆலையை வாங்கி உற்பத்தியைத் தொடங்கினார், மக்கள் வாங்கவில்லை. 1889இல் ஆலை மூடப்பட்டது.

தோல்விக்குப் பிறகு அவர் தோரியத்தின் பக்கம் திரும்பினார். இங்கு ஒரு விந்தை நேர்ந்தது. தோரியம் ஆக்சைடை எவ்வளவு தூய்மைப்படுத்தினாரோ அவ்வளவுக்கு அதன் ஒளி குறைந்தது. ஒளிக்குக் காரணம் தோரியம் மட்டும் அன்று, அதில் மாசாகக் கலந்திருந்த சிறிதளவு சீரியமே என்பதை ஔவரும் உடன் பணியாற்றிய லுட்விக் ஹைட்டிங்கரும் உணர்ந்தனர். நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு என்ற விகிதமே மிகச் சிறந்தது எனத் தெரிந்தது. சீரியம் கூடினாலும் ஒளி குன்றியது. 1891 நவம்பரில் வியன்னாவின் ஓப்பரா உணவகத்தின் முன் புதிய விளக்கு ஏற்றப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது உலகெங்கும் பரவியது. ஒரு பொருளில் நூற்றில் ஒரு பங்கு அளவே சேரும் மற்றொரு பொருள் முழுவதன் தன்மையையும் மாற்றிவிடும் என்ற பாடத்தை ஔவர் இதில் கற்றார் என்றே கருதத் தோன்றுகிறது.

எரிவளிக் குழாய் இல்லாத ஊர்களுக்கு மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் விளக்குகள் மேண்டிலைக் கொண்டு சென்றன. அவற்றுள் ஜெர்மானியத் தயாரிப்பான பெட்ரோமாக்ஸ் தமிழில் ஒரு பொதுப் பெயராகவே நிலைத்துவிட்டது. திருவிழா, திருமணம், இரவு நேர மீன்பிடிப்பு, நாடக மேடை என இவ்விளக்கு இல்லாத இடம் இல்லை. 1984இல் வெளிவந்த வைதேகி காத்திருந்தாள் திரைப்படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த புகழ்பெற்ற காட்சியில் பொடிந்து போவது இந்த ஆக்சைடு எலும்புக்கூடுதான்.

மணவாளக்குறிச்சி மணல்

மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் பெரும்பாலும் மோனசைட்டு என்னும் கனிமத்தில் உள்ளது. மோனசைட்டு என்பது அருமண் தனிமங்களும் தோரியமும் சேர்ந்த பாஸ்பேட்டு. தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியக் கனிமங்களும், பின்னர் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களின் மணலும், அதன் பின் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலும் பயன்பட்டன. பிரேசில் மணலும் தோரியத் தயாரிப்பும் ஜெர்மானிய நிறுவனங்களின் கூட்டமைப்பின் பிடியில் இருந்தன. விலையை அவர்களே நிர்ணயித்தனர்.

1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தபோது இது வெளிப்பட்டது என்று கூறப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை அமைந்தது. பின்னர்க் கொல்லத்துக்கு அருகில் சவராவிலும் இத்தொழில் பரவியது.

மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உருவாகித் தமிழகத்துடன் இணைந்தது. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில், கல்குளம் வட்டத்தில் உள்ள ஊர் இது. நாஞ்சில் நாடு என்பது குறுகிய பொருளில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே குறிக்கும் என்பதால் மணவாளக்குறிச்சியை அதில் சேர்ப்பதில்லை என்பாரும் உளர். பேச்சு வழக்கில் மாவட்டம் முழுவதும் அப்பெயரால் சுட்டப்படுவதுண்டு.

இக்கடற்கரையின் கருமணலில் பெரும்பகுதி இல்மனைட்டு என்னும் இரும்பு - டைட்டானியக் கனிமம். அதனுடன் ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட்டு, மோனசைட்டு ஆகியவை கலந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் காலப்போக்கில் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, அலைகளால் மீண்டும் கரையில் ஒதுக்கப்படும்போது எடை மிகுந்த மணிகள் தனியே படிகின்றன. நம் பெண்கள் முறத்தில் புடைத்துப் பிரிப்பதைக் கடல் இங்கே செய்கிறது. ஆலையில் எஞ்சிய வேலையைக் காந்தமும் மின்னழுத்தமும் ஓடும் நீரும் முடிக்கின்றன.

திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 8 முதல் 9 பங்கு வரை உண்டு. பிரேசில் மோனசைட்டில் ஏறத்தாழ 6 பங்குதான். இதனால் திருவிதாங்கூர் மணல் வந்த பின் பிரேசிலின் முதன்மை சரிந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியரின் செல்வாக்கு அகன்று தொழில் ஆங்கிலேய நிறுவனங்களின் கைக்கு மாறியது. ஒரு விளக்குத் திரிக்கான மூலப்பொருள் இரண்டு வல்லரசுகளின் போட்டிப் பொருளானது இவ்வாறு.

எஞ்சிய சீரியம்

மேண்டில் தொழிலின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஔவரின் அடுத்த கண்டுபிடிப்பின் காரணம் விளங்கும். 100 கிலோ மணவாளக்குறிச்சி மோனசைட்டை எடுத்துக்கொள்வோம். அதில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ எட்டரை கிலோ. அருமண் ஆக்சைடுகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 58 கிலோ. இதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 27 கிலோ, சீரியம் ஆக்சைடு மட்டுமே. எட்டரை கிலோ தோரியத்தை மேண்டிலாக்க நூற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் 100 கிராமுக்கும் குறைவான சீரியம் ஆக்சைடு போதும். மீதமுள்ள அனைத்தும் ஆலைக்குப் பின்புறம் குவியும் கழிவு.

ஔவர் 1893இல் கரிந்தியா மாநிலத்தின் டிரைபாக்கில் பழைய இரும்பு ஆலை ஒன்றை வாங்கியிருந்தார். இக்கழிவிலிருந்து சீரிய உலோகத்தைத் தயாரித்து அதற்கு ஏதேனும் பயன் உண்டா என்று அங்கு ஆராய்ந்தார். சீரியம் குளோரைடை உருக்கி மின்பகுத்தால் உலோகம் கிடைக்கும் என்பது முன்பே தெரிந்த செய்தி. சீரியத்தை உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனால் தூய சீரியம் மென்மையானது. எஃகால் உரசினால் மழுங்கி இழுபடுமே தவிர, வேண்டும்போதெல்லாம் பொறி தராது.

அதனுடன் இரும்பைக் கலந்தபோது நிலைமை மாறியது. சுமார் 30 விழுக்காடு இரும்பு சேர்ந்தால் சீரியமும் இரும்பும் கூடிக் கடினமான, ஆனால் எளிதில் நொறுங்கும் சேர்மம் ஒன்று உருவாகிறது. கரடான எஃகுச் சக்கரம் அதன்மேல் உரசும்போது நுண்துகள்கள் பெயர்ந்து தெறிக்கின்றன. உராய்வின் வெப்பமே அவற்றைப் பற்றவைக்கப் போதுமானது. சீரியம் 160 பாகை செல்சியசை ஒட்டியே காற்றில் தீப்பிடிக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் துகளின் வெப்பநிலை பல மடங்கு உயர்ந்து, அருகில் உள்ள எரிவளியையோ எண்ணெய்த் திரியையோ கொளுத்திவிடும். ஆக, இரும்பின் பங்கு எரிவதன்று. எரியும் உலோகத்தை உடையச் செய்வது. கலப்புலோகத்தில் ஓர் உலோகம் ஆற்றும் பணியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் டிரைபாக் வேதித் தொழிற்சாலை நிறுவனமாக உருவெடுத்துத் தீக்கற்களைத் தயாரிக்கலாயிற்று. 1909இல் ஜெர்மனியில் தீப்பெட்டிகளுக்கு வரி விதிக்கப்பட்டது லைட்டர் விற்பனைக்கு உதவியது. (நம் சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர்களில் பெரும்பாலானவை வேறு வகை, அழுத்தினால் மின்பொறி தருபவை. ஔவரின் கல் இருப்பது சிகரெட் லைட்டரிலும், கேஸ் வெல்டிங் பட்டறையில் சுடரைப் பற்றவைக்கும் கருவியிலும் ஆகும்.)

இத்தொழிலில் தூய சீரியத்தைப் பயன்படுத்தவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மோனசைட்டில் இயற்கையாகக் கிடைக்கும் விகிதத்திலேயே சீரியம், இலாந்தனம், நியோடைமியம், பிரசியோடைமியம் ஆகியவற்றைச் சேர்த்தே உலோகமாக்கினார்கள். ஜெர்மன் மொழியில் இதற்கு மிஷ்மெட்டல், அதாவது கலவை உலோகம், என்று பெயர். இரட்டையரைப் பிரிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் பெரும் வணிக வெற்றிகளுள் ஒன்று, பிரிக்காமல் விட்ட உலோகத்தில் அமைந்தது.

கலப்புலோகங்களில் அருமண் தனிமங்கள்

ஔவர் காட்டிய வழியில் பின்வந்தோர் அருமண் தனிமங்களைப் பல உலோகங்களில் சேர்த்துப் பார்த்தனர். இவ்விடங்களிலெல்லாம் சேரும் அளவு மிகச் சிறியது.

வார்ப்பிரும்பில் கரி தகடு தகடாகப் படிந்திருக்கும். தகடுகளின் ஓரம் வெட்டுக் காயம் போல் செயல்பட்டு இரும்பை எளிதில் உடையச் செய்யும். 1948இல் இங்கிலாந்தில் மொரோ என்பவர் சிறிதளவு சீரியம் சேர்த்தால் கரி உருண்டைகளாகத் திரள்வதைக் காட்டினார். அவ்விரும்பு வளைந்து கொடுக்கும், உடையாது. இப்பணிக்கு மக்னீசியம் மலிவானது என்பதால் அதுவே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஈயம், டைட்டானியம் போன்ற மாசுகளின் தீங்கை முறிக்க மக்னீசியத்துடன் சிறிது அருமண் சேர்ப்பது இன்றும் வார்ப்பாலைகளின் வழக்கம்.

எஃகில் கந்தகம் மாங்கனீசுடன் சேர்ந்து மென்மையான சல்பைடாக இருக்கும். எஃகைத் தகடாக உருட்டும்போது இது நூல்போல நீண்டு, குறுக்கு வாட்டில் வலுவைக் குறைக்கும். சீரியத்துக்குக் கந்தகத்தின்மேல் பெரு நாட்டம் உண்டு. அது உருவாக்கும் சல்பைடு கடினமானது. உருட்டினாலும் உருண்டையாகவே நிற்கும். எண்ணெய்க் குழாய்களுக்கான எஃகில் இம்முறை 1970களில் பரவலாகப் பயன்பட்டது. மக்னீசியக் கலப்புலோகங்கள் சூடேறினால் மெல்ல மெல்ல இழுபடும் இயல்புடையவை. அருமண் சேர்த்தால் மணிகளின் எல்லைகளில் உறுதியான சேர்மங்கள் படிந்து இந்த இழுபடலைத் தடுக்கின்றன. வானூர்தி இயந்திர உறைகளுக்கு இது உதவியது.

ஔவர் 1885இல் பிரித்த நியோடைமியம் பயன்பாட்டில் முன்னணிக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடைமியம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த வலிமை மிக்க காந்தம் உருவாக்கப்பட்டது. இன்றைய மின் ஊர்திகளின் மோட்டார்களிலும் காற்றாலைகளிலும் இக்காந்தமே பெருமளவில் பயன்படுகிறது.

இட்டெர்பியமும் இசுக்காண்டியமும்

இசுக்காண்டியம் அருமண் தனிமங்களுள் மிக இலேசானது. அதன் கண்டுபிடிப்பு ஔவர் பின்னர் ஈடுபட்ட ஒரு சர்ச்சையோடு தொடர்புடையது. 1878இல் மரின்யாக் இட்டெர்பியம் என்ற ஒன்றைப் பிரித்தார். 1879இல் சுவீடனின் நில்சன் அதைத் தூய்மைப்படுத்த முயன்றபோது அதற்குள் புதிய தனிமம் ஒளிந்திருக்கக் கண்டு இசுக்காண்டியம் எனப் பெயரிட்டார். மெண்டெலீவ் தம் அட்டவணையில் காலியிடம் விட்டு முன்னறிவித்த தனிமங்களுள் அது ஒன்று.

எஞ்சிய இட்டெர்பியமும் தனிமம் அன்று, கலவையே என்பதை ஔவர் 1905 முதல் ஆராய்ந்து வந்தார். அவர் தம் விரிவான முடிவுகளை 1907 டிசம்பரில் சமர்ப்பிக்கும் முன், நவம்பரில் பிரான்சின் உர்பேன் அதே முடிவை வெளியிட்டுவிட்டார். ஔவர் இரு பகுதிகளுக்கும் ஒரு விண்மீன், ஒரு விண்மீன் குழு ஆகியவற்றின் பெயரால் ஆல்டெபரானியம், காசியோபியம் எனப் பெயரிட்டிருந்தார். உர்பேன் இட்டதோ நியோ இட்டெர்பியம், லுட்டீசியம். 1909இல் பன்னாட்டு அணு எடைக் குழு உர்பேனுக்கே முதன்மை அளித்தது. அக்குழுவில் உர்பேனும் ஓர் உறுப்பினர் என்பதால் இம்முடிவு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. 1950கள் வரையிலும் ஜெர்மானிய நூல்களில் காசியோபியம் என்ற பெயரைக் காணலாம். உர்பேனின் மாதிரியைவிட ஔவரின் மாதிரியில் 71ஆம் தனிமம் செறிவாக இருந்தது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. முந்தி வெளியிடுவதா, தூய்மையாகப் பிரித்த பின் வெளியிடுவதா என்ற போட்டியில் ஔவர் இழந்தது பெயர் சூட்டும் உரிமையை.

இசுக்காண்டியம் 1937 வரை உலோகமாகத் தயாரிக்கப்படவில்லை. ஔவரின் காலத்தில் அதற்குப் பயனும் இல்லை. இன்று அது அலுமினியத்தின் மிகச் சிறந்த துணைத் தனிமமாகக் கருதப்படுகிறது. அலுமினியத்தில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாக இதைச் சேர்த்து வெப்பப்படுத்தினால், மூன்று அலுமினியத்துக்கு ஓர் இசுக்காண்டியம் என்ற சேர்மம் நுண்மணிகளாகப் படிகிறது. அம்மணிகளின் அணு அடுக்கு அலுமினியத்தின் அடுக்கோடு ஏறத்தாழ முற்றிலும் பொருந்துவதால் அவை உலோகத்தில் ஆழப் பதிந்து நிற்கின்றன. உலோக மணிகள் பெருத்து வளர்வது தடைப்படுகிறது. பற்றவைத்த இடத்தில் வலுக் குறைவது குறைகிறது. சோவியத் ஒன்றியம் மிக்-29 போர் வானூர்தியில் இதைப் பயன்படுத்தியது. பின்னர் மிதிவண்டிச் சட்டங்களிலும் விளையாட்டுக் கருவிகளிலும் இது இடம் பெற்றது. விலைதான் பெருந்தடை.

மணவாளக்குறிச்சி மோனசைட்டில் இசுக்காண்டியத்தைத் தேடுவது பயனற்றது. அதன் அயனி மற்ற அருமண் அயனிகளைவிடச் சிறியது. மோனசைட்டின் கட்டமைப்பில் பொருந்தாது. உலகில் அது பிற தொழில்களின் கழிவிலிருந்தே பெரிதும் கிடைக்கிறது. 2022 முதல் கனடாவின் கியூபெக்கில் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் எடுத்த பின் எஞ்சும் கழிவிலிருந்து இசுக்காண்டியம் ஆக்சைடு தயாரிக்கப்படுகிறது. கழிவிலிருந்து கலப்புலோகம் என்ற ஔவரின் வழி இங்கும் தொடர்கிறது.

மணல் ஆலையின் பிற்காலம்

மின்விளக்கு பரவியதும் மேண்டில் தொழில் தளர்ந்தது. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய டைட்டானியத்துக்காக 1920களில் இல்மனைட்டு முதன்மை பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணுசக்தியின் காரணமாகத் தோரியம் மீண்டும் மதிப்புப் பெற்றது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது; 1952இல் கேரளத்தின் ஆலுவாயில் மோனசைட்டைப் பகுத்துத் தோரியத்தையும் அருமண் குளோரைடையும் பிரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை 1965 முதல் இந்நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

தோரியத்தின் காரணமாக இக்கடற்கரை இயற்கையாகவே கதிரியக்கம் மிகுந்த பகுதியாகும். மணல் அள்ளுவதால் கடலரிப்பு கூடுகிறது, நோய் பெருகுகிறது எனக் கடலோர மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மோனசைட்டை அகற்றுவது கதிரியக்கத்தைக் குறைக்கும் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2024இல் கிள்ளியூர் வட்டக் கடலோர ஊர்களில் புதிதாகக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு மாவட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மேண்டிலிலும் தோரியம் உள்ளதால் பல நாடுகளில் அதற்குப் பதிலாக இட்ரியம் பயன்படுத்தப்படுகிறது. ஔவரின் தோல்வியுற்ற முதல் மேண்டிலில் இருந்த அதே இட்ரியம்தான்.

பிற பணிகள்

உருகுநிலை மிக உயர்ந்த ஒஸ்மியத்தைக் கொண்டு மின்விளக்குக்கான உலோக இழையை 1898இல் ஔவர் உருவாக்கினார். 1902இல் அது விற்பனைக்கு வந்தது. ஒஸ்மியம் கிடைத்தற்கரியது என்பதால் விரைவில் டங்க்ஸ்டன் அதன் இடத்தைப் பிடித்தது. ஒஸ்மியம், டங்க்ஸ்டனின் ஜெர்மன் பெயரான வொல்ஃப்ராம் ஆகியவற்றை இணைத்து 1906இல் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயரே ஓஸ்ராம். கதிரியக்க ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. யோவாக்கிம்ஸ்டால் சுரங்கத்தின் யுரேனியக் கழிவிலிருந்து ஆஸ்திரிய அறிவியல் கழகத்துக்காக ரேடியம் பிரித்தெடுக்கப்பட்டது அவருடைய அட்ஸ்கர்ஸ்டோர்ஃப் ஆலையில்தான்.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

1899இல் மரி நிம்ப்பர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள். 1901இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் இவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். 1920இல் ஜெர்மனியின் சீமென்ஸ் மோதிர விருதைப் பெற்றார். கரிந்தியாவில் தாம் கட்டிய வெல்ஸ்பாக் மாளிகையில் தனி ஆய்வகம் அமைத்து, முதுமையிலும் அருமண் உப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கேயே 1929 ஆகஸ்ட் 4 அன்று தம் 70ஆம் வயதில் காலமானார்.

டிரைபாக் ஆலை இன்றும் இயங்குகிறது. அதை அடுத்துள்ள அல்ட்ஹோஃபென் ஊரில் இவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது. ஆஸ்திரிய அரசு 1956ஆம் ஆண்டு வரிசையின் 20 சில்லிங் பணத்தாளில் இவர் உருவத்தை அச்சிட்டது. பிறப்பின் நூற்றாண்டான 1958இல் 25 சில்லிங் வெள்ளி நாணயம் ஒன்றும் வெளியிடப்பட்டது.